ஆறாவது தட்டு

என் மனைவியிடம் மிச்சமிருந்தது பதினாறு வரி. மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் அடைத்து, வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சு ஒரு சொல் பாக்கியில்லாமல் போய்விட்டது. தண்ணீர் என்று சொல்ல வராது. வலிக்கிறது என்று சொல்ல வராது. கணவர் பெயரைச் சொல்லுங்கள் என்று டாக்டர் கேட்டு, சொல்லவில்லை என்று குறித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்தே அவள் அதைச் சொன்னதில்லை என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட அவளுக்கு இருந்தது ‘ஏனுங்க’ என்ற ஒரே சொல். அதுவும் போயிற்று.

பாட்டு மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மதியம், பக்கத்துக் கட்டில்காரர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். தேங்காய்ப்பால் மணம் வந்தது. மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள் கூரையைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தாள். குரல் கரகரத்தது, ராகம் சரியாக இருந்தது. நான் விரலை மடக்கி எண்ணினேன். பதினாறு வரி, ஒரு சீர் உதிரவில்லை.

டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். சின்ன வயதுக்காரர், பொறுமையானவர்.

“பேச்சு இருக்கற இடம் வேற, பாட்டு இருக்கற இடம் வேறங்க. நல்லதுதான். ஆனா அர்த்தம் தெரிஞ்சு பாடறாங்கன்னு எடுத்துக்காதீங்க. ரேடியோ மாதிரி அதுபாட்டுக்கு ஓடும்.”

அது நான் எழுதிய பாட்டு.

நான் நிட்டிங் யூனிட்டில் துணி செக்கிங்கில் இருந்தவன். விளக்கு மேசைமேல் துணியை ஓடவிட்டு ஓட்டையும் ஊசிக்கோடும் எண்ணுவது வேலை. ஒரு ரோலில் இத்தனைக்கு மேல் ஓட்டை இருந்தால் கழித்துப் போட வேண்டும். அந்த வேலை முடிந்தபின் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் குழந்தைப் பாட்டு எழுதத் தொடங்கினேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அப்படி இல்லை. பி.ஏ. தமிழ் படித்துவிட்டு பனியன் துணியோடு காலம் தள்ளியவனுக்கு உள்ளே ஏதோ பாக்கி இருந்தது. ஆனால் மேசையில் விரலால் தாளம் தட்டிச் சீர் எண்ணியது உண்மை.

“ஏனுங்க, துணியில ஓட்டை பாக்கற மாதிரி பாட்டுலயும் பாக்கறீங்களா?”

“அளவு பிசகினா குழந்தைக நாக்கு தடுக்கும்.”

“தடுக்கட்டும். தடுக்குனாத்தான் சிரிக்கும்.”

எங்கள் தெருக்கோடிப் பள்ளியில் பாரம்பரிய உணவு விழா நடத்தினார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பாட்டு வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். பன்னிரண்டு எழுதினேன். கம்மங்கூழுக்கு ஒன்று, கச்சாயத்துக்கு ஒன்று, ஒப்புட்டுக்கு ஒன்று, கொள்ளுப் பருப்புக்கு ஒன்று, இப்படி. அதில் ஒன்றைத்தான் எடுத்தார்கள். எங்கள் பக்கத்து அரிசிச் சேவையான சந்தகையைப் பற்றிய பாட்டு. மற்ற பதினொன்றும் அலமாரியில் இருக்கின்றன. எடுத்ததற்கும் காரணம் நான் அல்ல, ராகம். நான் வாசித்துக் காட்டியபோது இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் கொட்டாவி விட்டார்கள். கூட வந்திருந்த என் மனைவி, “இப்படிப் படிச்சா ரேஷன் கடையில பேர் கூப்படற மாதிரி இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, கும்மி மெட்டில் இழுத்துப் பாடிக் காட்டினாள். குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பதினான்கு பேர் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுகிறவர்கள். அப்பா அம்மா கட்டிங் டேபிளிலும் டையிங்கிலும் இருக்கிறவர்கள். சந்தகையைக் கண்ணால் பார்த்திராத வாய்கள் அதைப் பாடின:

சந்தகை பிழியும் நேரமிது
சட்டுனு எல்லாம் வாருங்க
முதல் தட்டு அப்புச்சிக்கு
முறுக்கு மீசை நனையட்டும்
ரெண்டாம் தட்டு அம்மாயிக்கு
ரெண்டு பல்லும் இனிக்கட்டும்
மூணாம் தட்டு மாமனுக்கு
மூடித் தேங்காய்ப் பால்விடுங்க
நாலாம் தட்டு அத்தைக்கு
நாட்டுச் சர்க்கரை தூவிடுங்க
அஞ்சாம் தட்டு அப்பனுக்கு
அஞ்சு விரலும் வழியட்டும்
ஆறாம் தட்டு பையனுக்கு
ஆடி ஓடி வரட்டுங்க
அடியில் ஒட்டிக் கிடப்பதை
அம்மா வழிச்சுத் தின்னட்டும்

கடைசி வரிக்குக் குழந்தைகள் சட்டியை வழிப்பதுபோலக் கையைச் சுழற்ற வேண்டும். விழாவில் அதற்குத்தான் பெரிய கைதட்டல். பாடுவதைத் தின்றும் பார்க்கட்டும் என்று என் மனைவி முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் சந்தகை பிழிந்து கொண்டுபோனாள். ஒரு பெண் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் இன்னும் கேட்டது. அவளுக்கு இந்தி தெரியாது. “இன்னொரு தட்டா கண்ணு? வாங்கிக்கோ” என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சாப்பிடுகிறவர்கள் சொல்வது எந்த மொழியிலும் அவளுக்குப் புரிந்துவிடும்.

அந்தப் பாட்டோடுதான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வரும்போது டாக்டர் சொன்னது இது. விழுங்கும் திறன் திரும்பிவிட்டது, ஸ்பூனில் தயிர் வைத்துச் சோதித்தாயிற்று. குழைவான எதையும் வாயால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். மூக்குக் குழாயை ரொம்ப நாள் விட்டுவைக்க முடியாது. அடுத்த வியாழக்கிழமை கூட்டிவர வேண்டும். அதற்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்கவில்லையென்றால் வயிற்றில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடலாம்.

“சின்ன ஓட்டைதாங்க. பயப்படாதீங்க.”

ஓட்டை கண்டால் கழித்துப் போடுவது என் வேலையாக இருந்தது. நான் தலையாட்டினேன்.

அவள் மூக்குக் குழாயைப் பிடுங்கினாள். நல்ல கை இடது கை. அதால் ஒருமுறை பிடுங்கி, ரத்தம் வந்து, திரும்பப் போய்ப் போட்டு வந்தோம். அதன்பின் இடது கையைக் கட்டிலோடு கட்டி வைக்கச் சொன்னார்கள். கயிறு வேண்டாம் என்று நான் பனியன் துணியில் ஒரு பட்டை கிழித்துக் கட்டினேன். நல்ல மெத்தென்ற துணி. ஒரு தவறு இல்லாத துணி. நாற்பத்தைந்து வருடம் எனக்குச் சோறு போட்ட கைகளில் ஒன்று விழுந்துவிட்டது, மற்றதை நான் கட்டி வைத்திருந்தேன்.

சாப்பாட்டு வேளையில் மட்டும் அவிழ்ப்பேன். அரிசியும் பருப்பும் குழையக் கடைந்து ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போவேன். உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோனதும் வாய் மூடிவிடும். மூடிய வாயைத் திறந்தால் வருவது பாட்டு. ‘சந்தகை பிழியும் நேரமிது, சட்டுனு எல்லாம் வாருங்க, முதல் தட்டு அப்புச்சிக்கு, முறுக்கு மீசை நனையட்டும்.’ அத்தோடு நின்றுவிடுவாள். ஆஸ்பத்திரியில் பதினாறு வரி பாடியவள் வீட்டில் நான்கு வரியில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் ஸ்பூனை நீட்டுவேன். வாய் மூடும்.

பின்பக்க லைன் வீட்டில் சாத்தான்குளம் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகளை வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக் கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் கத்தரியைக் கீழே வைப்பாள். அவள்தான் என் மனைவியைப் புரட்டிப் படுக்க வைக்க ஒத்தாசைக்கு வருவாள். பாட்டைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

“அய்யா, அவிய சந்தகை கேக்காவ. நீங்க பருப்பக் கொண்டு நீட்டுதிய. பெறவு எப்படி வாயத் தொறப்பாவ?”

“டாக்டர் ரேடியோன்னு சொல்றாருங்க.”

“ரேடியோ உங்க மூஞ்சியப் பாத்தா பாடும்? எங்கூர் இடியாப்பம்தான அது? நான் அவிச்சுத் தாரேன்.”

“இடியாப்பம் மாவைப் பிழிஞ்சு அவிக்கறது. சந்தகை இட்லியா அவிச்சுட்டுப் பிழியறது. ரெண்டும் வேற.”

“ஆமா, ரொம்ப வேற! வயித்துக்குள்ள போனா அதுக்குப் பேரு தெரியுமாக்கும்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழனுக்கு ஐந்து நாள் இருந்தது.

சந்தகை பிழிய இரண்டு ஆள் வேண்டும். இரும்பு அச்சுக்கு மூன்று கால். ஒருவர் காலை அழுத்திப் பிடிக்க, ஒருவர் மேலே கைப்பிடியைத் திருக வேண்டும், இட்லி சூடு ஆறுவதற்குள். நான் எப்போதும் பிடிக்கிறவன், திருகுகிறவன் அல்ல. அந்தப் பெண் பிடித்தாள், நான் திருகினேன். முதல் ஈடு கட்டியாக வந்து விழுந்தது. இரண்டாவது ஈட்டில் கைப்பிடி வழுக்கி என் முட்டியில் பட்டது. மூன்றாவது நூல் நூலாக இறங்கியது. தேங்காய்ப்பால் விட்டுச் சர்க்கரை போட்டு மசித்துக் கொண்டுபோனேன்.

என் மனைவியின் முகம் மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, பாதி முகம்தான் அசையும், அந்தப் பாதி மலர்ந்தது. நான்கு வரி பாடினாள். நிறுத்தினாள். ஸ்பூனை நீட்டினேன். வாய் மூடிக்கொண்டது.

பால் அதிகமோ என்று குறைத்தேன். அடுத்த நாள் சர்க்கரைக்குப் பதில் வெல்லம். அதற்கடுத்த வேளை எலுமிச்சை பிழிந்து தாளித்தது. நெய் விட்டது. விடாதது. ஏழு விதம் செய்தேன். ஏழுக்கும் நான்கு வரி, ஒரு பார்வை, மூடிய உதடு. வயிற்றுக்குள் போனது குழாய் வழிப் பால்தான். கை திரும்பவும் கட்டிலுக்கு.

எட்டாவது முறை நான் தட்டைத் தரையில் வீசிவிட்டேன். எவர்சில்வர் தட்டு சுழன்று சுழன்று நின்றது. அவளை ஒருநாளும் சத்தம் போடாதவன் சத்தம் போட்டேன். “எதுக்குத்தான் பாடற? வேணும்னா தின்னு. வேண்டாம்னா பாடாத.” அவள் பயப்படவில்லை. என்னையே பார்த்தாள். விருந்தாளி ஒருவர் இலையில் உட்காராமல் அடம் பிடித்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

பிசிர் வெட்டுகிற பெண் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, துடைக்கத் துணி கொண்டுவந்தாள். “நீங்க காலையில ஏதாவது தின்னியளா?” என்று கேட்டாள். நான் யோசித்தேன். என் மனைவியைச் சாப்பிட வைத்துவிட்டு நான் சாப்பிடலாம் என்று வைத்திருந்தேன். அவள் சாப்பிடாததால் பாதி வேளை நானும் சாப்பிடவில்லை. நோயாளிக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு. அதுதான் முறை என்று நினைத்தேன்.

அன்று தரையில் விழாமல் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெறும் பசியில் நான் தின்றேன். அவள் முறைப்படி நான்கு வரி பாடி நிறுத்தியிருந்தாள். நான் ஒரு வாய் விழுங்கினேன்.

“ரெண்டாம் தட்டு அம்மாயிக்கு, ரெண்டு பல்லும் இனிக்கட்டும்.”

கை அப்படியே நின்றது. அவளைப் பார்த்தேன். அவள் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இன்னொரு வாய் தின்றேன்.

“மூணாம் தட்டு மாமனுக்கு, மூடித் தேங்காய்ப் பால்விடுங்க.”

நான் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். அவளும் நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போயிற்று. அவள் பாடவில்லை. நான் தின்றேன். நாலாம் தட்டு. தின்றேன். அஞ்சாம் தட்டு அப்பனுக்கு, அது நான். என் கண்ணிலிருந்து வழிந்தது கிண்ணத்தில் விழ, அதையும் சேர்த்துத் தின்றேன்.

அவள் தனக்குக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அவள் யாருக்கும் முன்னால் சாப்பிட்டதில்லை. கரண்டியோடு நிற்பாள். கடைசி ஆள் கை கழுவியபின் சமையலறையில் போய் உட்காருவாள். காய்ச்சல் நாளில்கூட அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள், அதனால்தான் பாட்டு நிற்காமல் ஓடியது. அவளை முதலில் சாப்பிடச் சொல்லி ஸ்பூனை நீட்டிக்கொண்டு நின்றோம், நானும் டாக்டரும் நர்ஸும். அப்புச்சி என்று அவள் பாடியது அவளுடைய அப்பா. அம்மாயி அவளுடைய அம்மா. இருவரும் போய் எத்தனையோ வருடம். மாமன் வெள்ளகோவிலில் இருக்கும் அவள் அண்ணன், அத்தை அவர் மனைவி. அவர்கள் பங்கையெல்லாம் நான் தின்றால் போதும் என்று விட்டுவிட்டாள்.

“ஆறாம் தட்டு பையனுக்கு, ஆடி ஓடி வரட்டுங்க.”

நான் தின்றேன். அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். மறுபடி அதே இரண்டு வரி. மறுபடி தின்றேன். மறுபடி தலையசைப்பு. பின்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வாய் தின்னச் சொன்னேன். அவள் தின்றாள். இல்லை. என் மனைவியின் கண் வாசலுக்குப் போய்விட்டது.

“மவன் வரணும் அய்யா” என்றாள் அந்தப் பெண், மெதுவாக. “செத்தவங்களுக்கும் ஒறமொறைக்கும் நீங்க தின்னாப் போதும். பெத்த மவனுக்கு அவன்தான் திங்கணும்.”

எங்களுக்கு ஒரே மகன். ஊருக்கு மறுகோடியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். குடும்பத்தோடு அந்தப் பக்கமே இருக்கிறான். ஞாயிறு தோறும் வருகிறவன். ஷிப்மெண்ட் வாரம் என்றால் ஞாயிறு கிடையாது. போன் போட்டேன். பின்னால் தையல் மிஷின்கள் மழைபோலக் கேட்டன.

“அப்பா, அம்மாவுக்கு என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லை சாமி. நீ வந்து ஒரு தட்டு சந்தகை தின்னுட்டுப் போ.”

“என்னதுங்க?”

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான், அவன் நல்ல பிள்ளை. பிறகு சொன்னான்: “அப்பா, நீங்க தூங்கி எத்தனை நாளாச்சுங்க? டாக்டர்தான் அர்த்தமில்லைன்னு சொன்னாருல்லங்க. இங்க சரக்கு எடுக்கற பையர் ஆளு வந்து உக்காந்திருக்கான். மூணு லைன் அப்படியே நிக்குது. நான் ராத்திரிக்கு வந்து பாக்கறனுங்க.”

ராத்திரி அவன் வரவில்லை. மறுநாள் வீடியோவில் வந்தான். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். டீ நேரத்துப் பன்னைக் கடித்துக் காட்டி, “அம்மா, பாருங்க, தின்னுட்டேன், ஆச்சுங்க” என்றான். அவள் அந்தச் சின்ன முகத்தை உற்றுப் பார்த்தாள். கட்டவிழ்த்த இடது கையால் திரையைத் தொட்டாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை ஐந்து தட்டும் தின்று முடித்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி, கால் மரத்துப்போயிருந்தது. அவளை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து மகனுடைய கம்பெனிக்குப் போனேன். கேட்டில் இருந்த காவலாளி வடக்கத்தியர். எழுதிக் கொடுக்கச் சொன்னார், யாரைப் பார்க்க, எதற்கு. எதற்கு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு பாட்டு எழுதியவன். கடைசியில் ‘சாப்பிட’ என்று எழுதினேன்.

மகன் இறங்கி வந்தான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“என்னுங்கப்பா இது, கேட்டுல வந்து நின்னுட்டு? போன் பண்ணினா வரமாட்டனுங்களா?”

“மூணு வாட்டி பண்ணினேன்.”

“கண்டெய்னர் சாயங்காலம் ஏறணுங்க. இன்னும் பேக்கிங்கே முடியலை. என்ர நிலைமை உங்களுக்குப் புரியுதுங்களா?”

“புரியுது. நாளைக்கு ஓட்டை போட்ருவாங்க.”

அவன் என்னைப் பார்த்தான். வேறெதுவும் எனக்குச் சொல்ல வரவில்லை, என் வாயும் அவள் வாய்போலத்தான் இருந்தது. அவன் உள்ளே யாருக்கோ போனில் “ஒரு மணி நேரம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். பின்னால் உட்கார்ந்தேன். வழியில் மூன்று சிக்னல். மூன்றிலும் சிவப்பு.

வீட்டில் சந்தகை ஆறிப்போயிருந்தது. அவன் ஷூவைக் கழற்றாமல் நடைக்கு வந்தான். நான் தட்டைக் கொடுத்தேன். நின்றபடியே வாயில் போட்டான். அவள் பாடவில்லை. அவன் காலைப் பார்த்தாள். அவன் போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, சின்ன வயதில் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தான். போன் அடித்தது. அணைத்துவிட்டான். கையால் பிசைந்து தின்றான். அவள் ஒவ்வொரு வாயும் உள்ளே போவதைப் பார்த்தாள். தட்டு காலியானதும் அவன் விரலை நக்கினான்.

“ஆறாம் தட்டு பையனுக்கு, ஆடி ஓடி வரட்டுங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அடியில் ஒட்டிக் கிடப்பதை, அம்மா வழிச்சுத் தின்னட்டும்.”

வாயைத் திறந்தாள்.

நான் எழுவதற்குள் பின்வீட்டுப் பெண் பாத்திரத்தின் அடியை வழித்து ஸ்பூனில் எடுத்தாள். வாய் மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் அந்தத் தொண்டையையே பார்த்தோம். இருமல் இல்லை. மறுபடி திறந்தது. பதினொரு ஸ்பூன். பன்னிரண்டாவதுக்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள், போதும் என்று.

மகன் அடுப்படியில் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றான். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பாமல் கேட்டான்:

“அம்மா வழிச்சுத் தின்னட்டும்னு நீங்கதானுங்க எழுதுனீங்க?”

“அடியில்னு ஆரம்பிச்சா அம்மான்னுதான் மோனை வரும்.”

அவன் தட்டைக் கவிழ்த்து வைத்தான்.

வியாழக்கிழமை டாக்டரிடம் பதினொரு ஸ்பூனைச் சொன்னேன். எப்படி என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பிறகு சொன்னார்: “ஒரு வேளை பத்தாதுங்க. மூணு வேளையும் வாயால போகணும். இன்னும் ஒரு வாரம் தர்றேன். அதுக்கு மேல என்னால தள்ளிப் போட முடியாது.”

மூன்று வேளை. ஏழு நாள். இருபத்தொரு முறை ஆறாவது தட்டு.

மகன் மதியம் வருவதாகச் சொன்னான். வந்தான், மூன்று நாள். வந்த மூன்று மதியமும் அவள் சாப்பிட்டாள். பதினொன்று, பதினான்கு, பதினாறு. காலையும் இரவும் வர அவனால் முடியவில்லை. வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து வீடு, இடையில் ஊர் முழுக்க லாரி. அந்த வேளைகளில் பாட்டு ஆறாம் தட்டில் நின்றுவிடும். கை கட்டிலுக்குப் போய்விடும்.

பாட்டையே மாற்றிப் பார்த்தேன். எழுதியவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். பையன் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டதாக இரண்டு வரி, சீர் பிசகாமல், மோனையோடு, அவள் மெட்டிலேயே பாடிக் காட்டினேன். அவள் இடது கை விரலால் கட்டிலின் விளிம்பில் தாளம் தட்டினாள். நம்பிக்கையாக இருந்தது. நான் முடித்ததும் பழைய வரிகளைப் பாடினாள். பிறகு ஐந்தை எடுத்துவிட்டு ஆறை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஆறே இல்லாமல் நேரே அடிச்சட்டிக்குப் போய்ப் பார்த்தேன். விருந்தாளி ஒருவர் வரிசை தெரியாமல் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் கோபிக்காமல் பொறுத்துக்கொள்வாளே, அப்படிப் பொறுத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் முதலிலிருந்து தின்றேன். என் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவில்லை. அது ஒன்றைத்தான் நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

இன்று புதன். நாளை மறுபடி ஆஸ்பத்திரி. நேற்றும் அதற்கு முன்தினமும் மகன் வரவில்லை. ஏதோ ஆர்டரில் தையல் பிசகி முழுச் சரக்கும் திரும்பி வந்துவிட்டதாம். காலையில் போனில் “எப்படியாவது வந்தர்றனுங்கப்பா” என்றான். எப்படியாவது என்பதில் அவன் குரல் உடைந்தது. அவன் வேலையும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பின்வீட்டுப் பெண் கத்தரியை வைத்துவிட்டு வந்து அச்சின் காலைப் பிடித்தாள். நான் திருகினேன். இப்போது நூல் நூலாக நன்றாக இறங்குகிறது. மகனுக்கான தட்டை மூடி வைத்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்தேன். மணிக்கட்டில் துணியின் தடம் பதிந்திருந்தது. தேய்த்துவிட்டேன். அப்புச்சிக்குத் தின்றேன், அம்மாயிக்குத் தின்றேன், மாமனுக்கும் அத்தைக்கும் எனக்கும் தின்றேன். அவள் ஆறாம் தட்டைப் பாடிவிட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

தெருவில் ஒரு வண்டி வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது, பனியன் கட்டு ஏற்றிய டெம்போ. மூன்றாவது எங்கள் வாசலில் வேகம் குறைந்தது. அவள் கை என் கையைப் பிடித்தது. அது பக்கத்து வீட்டுக்கு. அந்தப் பெண் மூடியிருந்த தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் சூடு இருக்கு அய்யா” என்றாள். என் மனைவி திரும்பப் பாடினாள், ஆடி ஓடி வரட்டுங்க என்று. நானும் கூடச் சேர்ந்து பாடினேன்.